சீனிப்பாகு கடந்து வந்த பாதை



சீனி ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. இரண்டையும் சூடாக்கிக் கரைத்தால் கிடைப்பது சீனிப்பாகு. உணவு விடுதிகளிலும் மதுக்கூடங்களிலும் இதனைச் 'சிம்பிள் சிரப்' என்று அழைப்பார்கள். எளிய பாகு என்பது அதன் பொருள். காக்டெயில் எனப்படும் கலப்பு மதுவகைகளுக்கும், எலுமிச்சைச் சாற்றுக்கும், ஐஸ் காப்பிக்கும் இனிப்பூட்டுவது இப்பாகுதான். பத்து நிமிடத்தில் அடுப்பங்கரையில் செய்துவிடக்கூடிய இந்தப் பொருளுக்கு வரலாறு என்று ஒன்று உண்டா என நேயர்கள் நினைக்கக்கூடும். உண்டு. அவ்வரலாற்றில் புலவர்களும் மருத்துவர்களும் வணிகர்களும் வருகிறார்கள். அடிமைகளாக விற்கப்பட்டவர்களும், பிழைப்பு நாடிக் கப்பலேறிய நம் முன்னோர்களும் வருகிறார்கள். அந்தப் பாதையை இன்று ஒருமுறை நடந்து பார்ப்போம்.

முதலில் ஒரு கேள்வி. சீனியை அப்படியே குவளையில் போட்டுக் கலக்கினால் போதாதா? பாகு எதற்கு? சூடான தேநீரில் சீனி நொடியில் கரைந்துவிடும். குளிர்ந்த நீரிலோ மெல்ல மெல்லத்தான் கரையும். மதுவில் உள்ள ஆல்கஹாலில் அது கரைவது மிகமிகக் குறைவு. ஆகவே ஐஸ் போட்ட பானத்தில் சீனியைக் கொட்டினால், மேலே புளிப்பும் அடியில் மணல்போல் சீனியும் தங்கி நிற்கும். முன்கூட்டியே நீரில் கரைத்து வைத்த பாகை ஊற்றினால், இனிப்பு முதல் மிடறு முதல் கடைசி மிடறு வரை ஒரே சீராகப் பரவி நிற்கும். பாகின் தேவை இதுதான். ஆனால் இத்தேவை தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாகு பிறந்துவிட்டது.

கரும்பின் தாயகம் நியூ கினித் தீவு என்பது அறிஞர்கள் முடிவு. அங்கிருந்து அது தென்கிழக்காசியத் தீவுகள் வழியாக இந்தியாவை அடைந்தது. கரும்பு வெளியிலிருந்து வந்த பயிர் என்ற நினைவு நம் சங்கப் பாடல்களிலும் பதிந்திருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் பெறுதற்கரிய கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தனர் என ஔவையார் புறநானூற்றில் பாடுகிறார். பெரும்பாணாற்றுப்படையில் கரும்பாலைகளின் ஓயாத ஓசையும், சாறு காய்ச்சும் புகையும் வருகின்றன. அங்கே காய்ச்சப்படும் கரும்புப் பொருளை 'விசயம்' என்ற சொல்லால் புலவர் குறிக்கிறார்.

சாற்றைக் காய்ச்சக் காய்ச்ச அது பல நிலைகளை அடைகிறது. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் இந்த நிலைகளைத் தனித்தனிப் பெயரிட்டு வரிசைப்படுத்துகிறது. பாணிதம் என்பது கெட்டியான பாகு. குடம் என்பது வெல்லம். கண்டம் என்பது கட்டி. இச்சொல்லே நம் கற்கண்டிலும் ஆங்கிலேயரின் 'காண்டி'யிலும் இருக்கிறது. சர்க்கரை என்னும் வடசொல்லுக்கு முதலில் பருக்கை, சிறுகல் என்றே பொருள். பாகு உறைந்து சிறு கற்களைப் போல மணிமணியாக நின்றதைக் கண்டவர்கள் இட்ட பெயர் அது. இந்தக் கலையைக் கற்றுவர, சீனப் பேரரசர் தாய்சோங் 647ஆம் ஆண்டில் மகத நாட்டுக்கு ஆள் அனுப்பினார் என்று சீன வரலாற்று நூல் கூறுகிறது. பின்னர் சீனத்தோடு தொடர்புபடுத்தி வெள்ளைச் சர்க்கரைக்குச் 'சீனி' என்ற பெயர் நம்மிடையே வழங்கியது. கொடுத்த பொருளையே வேறு பெயரில் திரும்பப் பெற்றுக்கொண்டோம்!

இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்கும், அங்கிருந்து அரபு நாடுகளுக்கும் கரும்பும் சீனியும் சென்றன. அரபு மருத்துவர்களின் கையில்தான் பாகு ஒரு தனிப்பொருளாக உயர்ந்தது. கசப்பான மூலிகைச் சாறுகளைச் சீனிப்பாகில் சேர்த்தால் நோயாளி முகம் சுளிக்காமல் அருந்துவான். மேலும், செறிவான பாகு எளிதில் கெட்டுப்போவதில்லை. செறிவான பாகில் நுண்ணுயிர்கள் வாழ முடியாது. அவற்றின் உடலிலுள்ள நீரையே பாகு வெளியே இழுத்துவிடுகிறது. இந்த அறிவியல் காரணம் பிற்காலத்தில் விளங்கியது என்றாலும், அதன் பயனை அன்றைய மருத்துவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். இபின் சீனா தமது மருத்துவப் பெருநூலில் இத்தகைய பாகு மருந்துகளை விரிவாக எழுதினார். அந்நூல் 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுத் தொலேடோ நகரில் இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு, ஐரோப்பிய மருத்துவர்களின் பாடநூல் ஆயிற்று.

அரபு மொழியில் 'ஷராப்' என்றால் பருகும் பொருள், பானம். அச்சொல் இலத்தீன் வழியாகச் சென்று 'சிரப்' ஆனது. பாரசீகர், துருக்கியர் வாயிலாக அதன் உறவுச் சொல் ஒன்று 'ஷெர்பெட்' ஆனது. அதுவே தமிழில் சர்பத்து. வட இந்திய மொழிகளில் 'ஷராப்' என்றால் மதுவையே குறிக்கும். ஒரே வேரிலிருந்து மருந்தும், மது கலவாத குளிர்பானமும், மதுவும் பெயர் பெற்றிருக்கின்றன. பாகின் பாதை பிரிந்து சென்ற மூன்று திசைகளையும் இச்சொற்களே காட்டிவிடுகின்றன.

ஐரோப்பாவில் நெடுங்காலம் சீனி, மருந்துக் கடையில் நிறுத்து விற்ற அரிய பண்டம். அதனை அன்றாடப் பொருளாக மாற்றியது அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நடந்த கொடுமை. 1493ஆம் ஆண்டில் தம் இரண்டாம் பயணத்தின்போது கொலம்பஸ் கரும்புக் கரணைகளை மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுசென்றார். கரும்பு வெட்டிய சில மணி நேரத்துக்குள் சாறு பிழிந்தாக வேண்டும். பிழிந்த சாற்றை உடனே காய்ச்சியாக வேண்டும். தாமதித்தால் புளித்துவிடும். ஆகவே அறுவடைக் காலத்தில் வயலும் ஆலையும் இரவு பகலாக இயங்கின. இந்த வேலைக்கு ஆப்பிரிக்க மக்கள் விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டனர். அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் கப்பலேற்றப்பட்டோர் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேர் என ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். அவர்களுள் பெரும் பகுதியினரை விழுங்கியது கரும்புத் தோட்டம்தான். கொதிக்கும் பாகைச் செப்புக் கொப்பரைகளில் கிளறியவர்களும், உருளையில் கை சிக்கி உறுப்பிழந்தவர்களும் அவர்களே. சீனி எடுத்தபின் எஞ்சிய கழிவுப்பாகைப் புளிக்கவைத்து வடித்ததே ரம். மதுவும் அதற்கு இனிப்பூட்டும் பாகும் ஒரே கரும்பிலிருந்து, ஒரே கைகளால் உருவாயின.

இக்கொடுமையை உணர்ந்தவர்களும் இருந்தார்கள். 1791ஆம் ஆண்டில் அடிமை வணிகத்தை ஒழிக்கும் தீர்மானம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தோற்றபோது, மக்களில் பலர் மேற்கிந்தியச் சீனியை வீட்டுக்குள் சேர்ப்பதில்லை என முடிவெடுத்தனர். அவ்வாறு நிறுத்தியவர்கள் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் என்று அவ்வியக்கத்தின் முன்னோடி தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். ஒரு தேக்கரண்டிச் சீனிக்குப் பின்னால் மனித உயிர் இருக்கிறது என்று சாதாரண மக்கள் எண்ணிப் பார்த்த காலம் அது.

இனி, பாகு மதுக்குவளைக்குள் புகுந்த கதைக்கு வருவோம். அது தொடங்குவது நம் பக்கத்துக் கடலோரத்தில். கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஒருவர் 1632ஆம் ஆண்டில், சோழமண்டலக் கரையின் வடபகுதியில் இருந்த பெட்டப்போலி என்னும் ஊரிலிருந்த நண்பருக்கு எழுதிய கடிதத்தில் 'பஞ்ச்' என்ற பானம் குறிப்பிடப்படுகிறது. இன்றைய ஆந்திர மாநிலத்து நிஜாம்பட்டணமே அவ்வூர். ஆங்கிலத்தில் அப்பானத்தைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் இது ஒன்று. சாராயம், சீனி, எலுமிச்சைச் சாறு, தண்ணீர், நறுமணப் பொருள் ஆகிய ஐந்தும் சேர்ந்ததால், ஐந்து எனப் பொருள்படும் 'பஞ்ச' என்ற சொல்லே இப்பெயர் ஆயிற்று என்பது பலர் கருத்து. கப்பல் மாலுமிகளோடு பஞ்ச் இலண்டனுக்குச் சென்றது. அன்று சீனி கூம்பு வடிவக் கட்டியாக விற்கப்பட்டது. அதனை இடுக்கியால் உடைத்து, எலுமிச்சைத் தோலில் தேய்த்து, வெந்நீரிலும் சாற்றிலும் கரைத்து, அதன் பின்னரே மதுவைச் சேர்த்தார்கள். மது சேருமுன் இருந்த அந்த இனிப்புப் புளிப்புக் கலவைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் என்ன தெரியுமா? ஷெர்பெட்! நம் சர்பத்துத்தான்.

1806ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்து ஹட்சன் நகரில் வெளிவந்த ஓர் இதழ், காக்டெயில் என்றால் என்ன என்று கேட்ட வாசகருக்கு விளக்கம் அளித்தது. ஏதேனும் ஒரு மது, சீனி, தண்ணீர், கசப்புச் சாறு ஆகியவற்றின் கலவை அது என்றது. நன்றாகக் கவனியுங்கள். நான்கு பொருள்களில் இரண்டு, சீனியும் தண்ணீரும்! பாகு என்ற பெயர் இல்லையே தவிர, பாகின் கூறுகள் அங்கே இருந்தன. கசப்புச் சாறும் மருந்துக் கடையிலிருந்து வந்ததே.

அந்தச் சீனியையும் தண்ணீரையும் முன்கூட்டியே பாகாக்கி வைக்கும் தேவையைப் பெருக்கியது பனிக்கட்டி. பாஸ்டன் நகரத்துப் பிரடெரிக் டியூடர் என்பவர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறையும் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் ஏற்றி வெப்ப நாடுகளுக்கு விற்றார். 1833ஆம் ஆண்டில் அது கல்கத்தாவை அடைந்தது. சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லம் என நிற்கும் கட்டடம், அந்தப் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ்தான். சிங்கப்பூரிலும் வாம்போவா என மக்கள் அழைத்த ஹூ ஆ கே என்னும் வணிகர், 1854ஆம் ஆண்டில் ஆற்றருகே ஒரு பனிக்கட்டிக் கிடங்கை நடத்தினார். குவளையில் பனிக்கட்டி விழுந்தவுடன் பானம் குளிர்ந்தது. சீனி கரைய மறுத்தது. மதுக்கூடத்தில் கூட்டம் காத்து நிற்கையில் ஒவ்வொரு குவளையிலும் சீனியை நசுக்கிக் கரைத்துக்கொண்டிருக்க முடியுமா? புட்டியில் தயாராக இருந்த பாகு வேலையை எளிதாக்கியது.

1862ஆம் ஆண்டில் ஜெரி தாமஸ் என்னும் அமெரிக்கர் கலப்பு மதுவகைகளுக்கு ஒரு செய்முறை நூலை வெளியிட்டார். அதனோடு பாகு வகைகளைக் காய்ச்சும் முறை பற்றிக் கிறிஸ்தியன் ஷுல்ட்ஸ் என்பவர் எழுதிய கையேடும் சேர்க்கப்பட்டிருந்தது. ஜெரி தாமஸ் பெரிதும் பயன்படுத்தியது கோந்துப் பாகு. வேலமர இனத்திலிருந்து வடியும் பிசினைச் சீனிப்பாகில் கரைத்துச் செய்வது அது. பிசின் சேர்ந்தால் பாகு மீண்டும் மணிமணியாக உறையாது. பானத்துக்கு வழுவழுப்பும் கிடைக்கும். நம் வீட்டுப் பெண்கள் பாகு காய்ச்சும்போது இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுவதும் உறையாமல் இருக்கத்தான். எலுமிச்சையின் புளிப்பு, சீனியின் ஒரு பகுதியைக் குளுக்கோஸ், பிரக்டோஸ் என்னும் இரு எளிய சர்க்கரைகளாகப் பிரித்துவிடுகிறது. பலவகை மூலக்கூறுகள் கலந்து நிற்கும்போது சீனி ஒன்றுகூடிப் படிகமாக முடிவதில்லை.

நம் வட்டாரத்தில் புகழ்பெற்ற கலப்புப் பானம் 'சிங்கப்பூர் ஸ்லிங்'. ராபிள்ஸ் ஓட்டலில் பணிபுரிந்த ஹைனான் சீனரான ஙியாம் தோங் பூன் 1915ஆம் ஆண்டில் அதனை உருவாக்கினார் என்பது அந்த ஓட்டல் கூறும் வரலாறு. அங்கே வழங்கும் செய்முறையில் சேரும் 'கிரெனடின்' என்பது மாதுளைச் சாற்றால் செய்த சீனிப்பாகு. ஓட்டலில் கிரெனடின் என்றால், தெருவோரக் கடையில் ரோஜாப் பாகு. பாலில் அதனைக் கலந்தால் ஆயர் பண்டோங். சீவிய ஐஸில் ஊற்றினால் ஐஸ் கச்சாங். மது அருந்தாதவர் வீட்டிலும் பாகுக்கு இடமுண்டு.

இவ்வளவு இனிப்பையும் விளைவித்தவர்கள் யார்? இக்கேள்விக்கான விடை, நேயர்களே, நம் குடும்ப வரலாற்றுக்கு மிக அருகில் இருக்கிறது. பிரிட்டிஷ் பேரரசில் 1834ஆம் ஆண்டில் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வரத் தொடங்கியது. தோட்ட முதலாளிகளுக்கு மாற்று ஆட்கள் தேவைப்பட்டார்கள். அவர்கள் பார்வை இந்தியாவின்மேல் விழுந்தது. ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் மொரீஷியசுக்குச் சென்றார்கள். 1838ஆம் ஆண்டில் இந்தியர்கள் பிரிட்டிஷ் கயானாவை அடைந்தார்கள். 1860ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் தொழிலாளர்களைக் கொண்டுசென்றது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட துயரைப் பாரதியார் கண்ணீரோடு பாடினார். கப்பல்கள் வெவ்வேறு திசையில் சென்றன. போய்ச் சேர்ந்த இடமெல்லாம் கரும்புக் காடு.

அவற்றுள் ஒன்று பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருந்தது. அன்று புரொவின்ஸ் வெல்லெஸ்லி, இன்று செபராங் பிறை. அங்கே முதலில் கரும்பு பயிரிட்டவர்கள் சீனர்கள். 1840களில் ஐரோப்பியரும் பெருந்தோட்டங்களைத் திறந்தனர். 1846ஆம் ஆண்டில் பிரிட்டன் சீனி மீதான தீர்வைச் சட்டத்தை மாற்றியதும் ஊக்கம் பெருகியது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழர்கள், ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து அத்தோட்டங்களுக்குள் நுழைந்தார்கள். சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டியதும், கரும்பு வெட்டியதும், ஆலையில் சாறு காய்ச்சியதும் அவர்கள் கைகளே. காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் ஒப்பந்தம் முடியுமுன் மாண்டவர் பலர்.

மலாயாத் தமிழர் என்றதும் நாம் நினைப்பது இரப்பரை. நம் தாத்தாக்களைக் கித்தாக் காட்டோடு சேர்த்தே பேசிப் பழகிவிட்டோம். ஆனால் இரப்பர் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்த மண்ணில் தமிழன் பட்ட பாடு கரும்பில்தான் தொடங்கியது. ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. அதே காலத்தில் இரப்பர் விலை ஏறியதால், கரும்பைப் பிடுங்கிவிட்டு இரப்பர் நட்டார்கள். சில ஆண்டுகளில் கரும்பு அங்கே ஒரு நினைவாகிப் போயிற்று.

இங்கிலாந்தில் 1800ஆம் ஆண்டு வாக்கில் ஒருவர் ஆண்டுக்கு உண்ட சீனி ஏறத்தாழ 18 பவுண்டு. 1900ஆம் ஆண்டு வாக்கில் அது 90 பவுண்டு என்ற அளவை எட்டியது. பீட்கிழங்குச் சீனியும் இவ்வளர்ச்சிக்குக் கைகொடுத்தது உண்மை. எனினும் கரும்புச் சீனி இவ்வளவு மலிந்ததற்கு, கரும்பு வெட்டியவர்களின் உழைப்பு மலிவாக விலைபேசப்பட்டது ஒரு பெருங்காரணம்.

இனி, பாகைச் செய்யும் முறை. ஒரு கிண்ணம் சீனி, ஒரு கிண்ணம் தண்ணீர். மிதமான சூட்டில் சீனி கரையும் வரை கிளறினால் போதும். பலகாரத்துக்குப் போல் கம்பிப் பதம் வரவேண்டியதில்லை. நெடுநேரம் கொதித்தால் நீர் வற்றி அளவு மாறிவிடும். ஆறியபின் வெந்நீரில் கழுவிய புட்டியில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால் சில வாரங்கள் இருக்கும். நிறம் மங்கினாலும் புளித்த வாடை வந்தாலும் கொட்டிவிட வேண்டும். எடையில் சீனி இரு பங்கும் நீர் ஒரு பங்குமாகச் செய்தால் பாகு கெட்டியாகி, மேலும் நெடுநாள் கெடாது. பிரிட்டிஷ் மருந்து நூல் வகுத்த பாகின் அளவும் இதுவே. எடையில் நூற்றுக்கு 66.7 பங்கு சீனி. அறை வெப்பத்தில் தண்ணீர் ஏற்றுக்கொள்ளக்கூடிய எல்லையும் ஏறக்குறைய அதுதான். பழைய மருந்துக் கடையின் அளவே மதுக்கூடத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. சீனிக்குப் பதில் மலாக்கா வெல்லத்தைக் கரைத்து வடிகட்டினால், நம் நாட்டு மணம் வீசும் பாகு கிடைக்கும். அப்பாகை மதுவில் சேர்ப்பதும் எலுமிச்சைச் சாற்றில் சேர்ப்பதும் அவரவர் வழக்கம்.

நேயர்களே, நல்ல பாகு பானத்தில் இருக்கும் இடம் தெரியாமல் கரைந்துவிடும். அது பாகுக்கு அழகு. ஆனால் அந்தச் சீனியை விளைவித்த மக்களின் கதை அவ்வாறு கரைந்துபோவது நமக்கு அழகாகாது. செபராங் பிறையிலோ நிபோங் திபால் பக்கத்திலோ பிறந்து வளர்ந்த பெரியவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அவர்களின் முன்னோர் முதலில் இறங்கிய தோட்டம் எது, அங்கே அவர்கள் செய்த வேலை என்ன என்று கேட்டுக் குறித்து வையுங்கள். கித்தாவுக்கு முன்னால் கரும்பு இருந்தது என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.